நாலாம் திருப்பத்துப் பட விளக்கு

2018 மார்ச் 5 – மஞ்சள் பெயிண்ட், 20 லிட்டர் – 4,600
2018 செப்டம்பர் 3 – மஞ்சள் பெயிண்ட், 20 லிட்டர் – 4,850
2019 மார்ச் 4 – மஞ்சள் பெயிண்ட் – 0
2019 மார்ச் 18 – மஞ்சள் பெயிண்ட், 20 லிட்டர் – 4,850
2019 ஏப்ரல் 22 – எல்.இ.டி. பட விளக்கு, ஒன்று – 11,200
2019 ஏப்ரல் 22 – கண்ணாடி வில்லை, நடக்கும் ஆள் – 900
2019 ஜூன் 10 – கண்ணாடி வில்லை, முகம் – 1,450

கோடு போடுபவர் எழுதி வைத்த இந்தக் கணக்கில் மூன்றாவது வரியில் உள்ள சைபர் பிழை அல்ல. அன்று வர வேண்டிய பெயிண்ட் வரவில்லை. அதற்குப் பதினோராம் நாள், மார்ச் 15, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.40க்குக் கிடங்கின் நாலாம் திருப்பத்தில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் ஃபோர்க்லிஃப்ட் மோதி இறந்துபோனார்.

அது வாஷிங் மெஷினும் ஃபிரிஜ்ஜும் அடுக்கி வைக்கும் பெரிய கிடங்கு. அங்கே தரைக் கோடு போடுவது ஒரே ஒருவரின் வேலை. 1992 ஜனவரியில், முப்பத்தோரு வயதில் சேர்ந்தார். மார்ச்சிலும் செப்டம்பரிலும் முதல் திங்கட்கிழமை பழைய கோட்டின் மேலேயே புதுக் கோடு இழுப்பார். ஆள் நடக்கும் வழிக்கு ஒரு கோடு, வண்டி ஓடும் வழிக்கு ஒரு கோடு, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் பட்டை பட்டையாக அகலக் கோடுகள். ஒரு முறைக்கு 1,140 மீட்டர். அப்படி 2018 முடிய ஐம்பத்து நான்கு முறை. நீட்டிப் போட்டால் அறுபத்தோரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். மற்ற நாட்களில் ரேக்குகளுக்கு எண் எழுதுவார், அறிவிப்புப் பலகை எழுதுவார். நகக்கண்ணை விட்டு மஞ்சள் போனதே கிடையாது என்பதால் அவருக்கு மஞ்சக்கை என்று பெயர்.

அந்தக் கிடங்கில் யாருக்கும் வீட்டில் வைத்த பெயர் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது. இறந்தவர் ஆறடி இரண்டு அங்குலம்; அவர் நெட்டை. அன்று வண்டி ஓட்டியவர் ஹாரன். வண்டியின் ஹாரன் கெட்டுப்போனால் வாயாலேயே ஊதிக்கொண்டு போவாராம். அதிலிருந்து அந்தப் பெயர்.

விசாரணை இரண்டு நாள் நடந்தது. "நாலாம் திருப்பத்தில் தரைக் கோடு தேய்ந்து மறைந்திருந்தது" என்பதுதான் முடிவு. மஞ்சக்கை மீது யாரும் குற்றம் சொல்லவில்லை. பிப்ரவரி 11இலேயே பெயிண்ட் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். 25ஆம் தேதி நினைவூட்டினார். மார்ச் 1 அன்று நேரில் போய்க் கேட்டார். மூன்று முறையும் கிடைத்த பதில் அடுத்த வாரம் என்பதுதான். மூன்றும் கோப்பில் இருந்தன. ஹாரனைப் பதினைந்து நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திரும்பி வந்தவர் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டார்.

கோப்பு விட்டாலும் மனசு விடவில்லை. வீட்டில் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து மஞ்சக்கை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"இருவது லிட்டர் எதுக்கு? அந்த ஒரு திருப்பத்துக்கு ஒரு லிட்டர் போதும். கைக்காசப் போட்டு வாங்கியிருக்கலாம். ஒரு மணி நேர வேலை."

"இத நீங்க தினமும் சொல்றீங்க" என்றார் மனைவி.

"நெசந்தானே?"

"நெசமாவே இருக்கட்டும். சொல்லிச் சொல்லி நாக்குதான் தேயுது. ஆறுது பாருங்க, சாப்பிடுங்க."

ஜூன் 29, சனிக்கிழமை, அவருக்குக் கடைசி வேலை நாள்; அதோடு ஓய்வு. மார்ச் 18 அன்று போட்ட கோடு அதுவரை நிற்கும். பிறகு? வண்டிகள் சக்கரத்தை முறுக்கித் திரும்பும் அந்த இடத்தில் எந்தப் பெயிண்டும் நாலு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. தான் போவதற்குள் அந்தத் திருப்பத்தில் தேயாத ஒன்றை வைத்துவிட வேண்டும், இனி ஓர் ஆள் அங்கே விழக்கூடாது. அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்த மூன்று மாதமும் வேறு எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை, மனைவிக்குச் செருப்பு வாங்கப் போனார்கள். கடை வாசலுக்கு உள்ளே தரையில் கடையின் முத்திரை வெள்ளை வெளேரென்று கிடந்தது. மஞ்சக்கை அதைக் காலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. காலைத் தூக்கினால் முத்திரை காலின் மேல் ஏறிக்கொண்டது. அண்ணாந்து பார்த்தார். கூரையில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு கறுப்புக் குழல் தொங்கியது.

"என்ன, கடைக்காரன் தரைக்கும் பெயிண்ட் அடிக்கப் போறீங்களா?" என்றார் மனைவி.

"இது பெயிண்ட் இல்ல. வெளிச்சம். தேயாது."

கடைக்காரர் குழலைக் கழற்றிக் காட்டினார். பின்னால் எல்.இ.டி., முன்னால் லென்ஸ், நடுவில் நாணயம் அளவுக்கு ஒரு கண்ணாடி வில்லை. வில்லையில் எந்தப் படம் பொறிக்கப்பட்டிருக்கிறதோ அது போய்த் தரையிலோ சுவரிலோ விழும். படத்தைக் கொடுத்தால் பன்னிரண்டு நாளில் வில்லை செய்து தருவார்களாம். லென்ஸைத் திருகினால் படம் கூர்மையாகும்.

ஏப்ரல் 22 மாலை விளக்கு வீட்டுக்கு வந்தது. முன்னறைச் சுவரில் அடித்துப் பார்த்தார். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஆளு தலைகீழா நடக்கிறானே?"

"வில்லைய மாத்திப் போட்டுட்டேன்."

"பாத்துப் போடுங்க. கிடங்கே தலைகீழா நடக்கப் போவுது."

விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டது அன்றுதான்.

மறுநாள் நாலாம் திருப்பத்தில், ரேக் கம்பியில் மூன்று மீட்டர் உயரத்தில் விளக்கை முடுக்கினார். மங்கலான கிடங்கு, படம் பளிச்சென்று விழுந்தது. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளை ஆள், நடக்கிற மாதிரி. மேனேஜர் வந்து சுற்றிப் பார்த்தார்.

"உங்க காசா?"

"ஆமா சார்."

"நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும்."

முதல் வாரம், காலை பத்திலிருந்து பதினொன்று வரை, மஞ்சக்கை ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணினார். நாற்பத்தாறு வண்டிகள் போயின. நாற்பத்தொன்று வேகத்தைக் குறைத்தன. மே 20 அன்று அதே நேரம் மறுபடி எண்ணினார். நாற்பத்தாறில் ஒன்பது. தரையில் கிடக்கும் வெள்ளை ஆள் எல்லோருக்கும் பழகிவிட்டான். சக்கரங்கள் அவன் மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தன.

யாரோ ஒரு ஆள் என்பதால்தான் ஏறுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. தெரிந்த ஆளாக இருந்தால்? அலுவலகக் கோப்பில் நெட்டையின் அடையாள அட்டைப் படம் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி வில்லை செய்யக் கொடுத்தார்.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நெட்டையோட சம்சாரத்துகிட்டச் சொன்னீங்களா?"

"வச்சிட்டுச் சொல்லிக்கலாம். சந்தோசப்படும்."

ஜூன் 10, திங்கட்கிழமை, காலை 9.05க்கு வில்லையை மாற்றினார். நாலாம் திருப்பத்துத் தரையில் நெட்டையின் முகம் விழுந்தது. ஒன்றரை மீட்டர் அகலம். நிமிர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் வந்த வண்டி நின்றது. மஞ்சக்கைக்கு நெஞ்சு நிறைந்தது. இரண்டாவது வண்டியும் நின்றது. மூன்றாவது, நான்காவது. பிறகுதான் எதுவுமே நகரவில்லை என்பது அவருக்குப் புரிந்தது.

"போங்கப்பா. பாத்து மெதுவாப் போங்க."

"எப்படிண்ணே போறது?" என்றார் முதல் வண்டிக்காரர். "அவன் மூஞ்சி மேலயா?"

"வெளிச்சம்தானப்பா அது."

"அப்ப நீங்க மிதிங்க பாப்போம்."

மஞ்சக்கை காலை எடுத்து வைக்கப் போனார். முடியவில்லை. சுமை தூக்குபவர்களும் கையில் பெட்டியோடு அப்படியே நின்றார்கள். வெளியே ஏழு லாரிகள் வரிசை கட்டின. வரிசையில் ஐந்தாவது வண்டி ஹாரனுடையது. அவர் இறங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஐம்பது நிமிடம் கழித்து மேனேஜர் வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

அதற்குள் யாரோ போனில் படம் எடுத்திருந்தார்கள். அது போன் விட்டுப் போன் தாவி, சாயந்தரத்துக்குள் நெட்டையின் மகள் கைக்குப் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண். அப்பாவின் முகம் தரையில் கிடப்பதையும், சுற்றிலும் சக்கரங்களும் செருப்புக் கால்களும் நிற்பதையும் பார்த்தாள்.

ஜூன் 13 அன்று நெட்டையின் மனைவி தலைமை அலுவலகத்துக்கே போய்ப் புகார்க் கடிதம் கொடுத்தார். மறுநாளே அங்கிருந்து மேனேஜருக்குக் கடிதம் வந்தது. இறந்தவரின் மனைவி எழுத்து மூலம் சம்மதம் தந்தால் விளக்கு இருக்கலாம். ஜூன் 29க்குள் தராவிட்டால் கழற்றிவிட வேண்டும். இனி இப்படி எதையும் வைக்கக்கூடாது.

ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, மஞ்சக்கை அந்த வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி, ஒரு அறையும் சமையலறையும். அந்த அம்மாள் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவர். வீட்டிலும் ஒரு தையல் மெஷின் இருந்தது. கதவைத் திறந்துவிட்டுத் திரும்பவும் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. மஞ்சக்கை நின்றார்.

"யாரக் கேட்டு வச்சீங்க?"

"தப்புதாம்மா. கேட்டிருக்கணும்."

"தரையில. மனுசங்க நடக்கிற இடத்துல. அவர் விழுந்த அதே இடத்துல."

"அதப் பாத்தா நிப்பாங்கன்னு நெனச்சேம்மா."

"நின்னாங்களா?"

"நின்னாங்க. எல்லாரும் நின்னாங்க. ஒருத்தரும் தாண்டல. அம்பது நிமிசம்."

அவர் கை மெஷின் சக்கரத்தின் மேல் நின்றது. "உசிரோட இருந்தப்ப அவருக்கு ஒருத்தன் வழி விட்டதில்ல" என்றார்.

பிறகு மஞ்சக்கை தான் சொல்ல வந்ததைச் சொன்னார். கோடு தேய்ந்திருந்தது. கோடு போடுவது என் வேலை. பதினோரு நாள் தள்ளிப்போய்விட்டது. கைக்காசில் வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. என்னால்தான் அம்மா.

அவர் கேட்டுக்கொண்டார்.

"இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"அந்த விளக்கு அங்க இருக்கணும். மொகம் வேணாம். பழைய படத்தையே போட்டுடறேன். நான் இன்னும் பதிமூணு நாள்தாம்மா இருப்பேன்."

"பாக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். வந்து பாக்கறேன். அன்னிக்கி வண்டி ஓட்டினாரே, அவரும் அங்க இருக்கணும்."

ஜூன் 22, சனிக்கிழமை, அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அந்த அம்மாள் கிடங்குக்கு வந்தார். அதுவரை அவர் உள்ளே வந்ததே இல்லை. மேனேஜர் நாற்காலி போடச் சொன்னார். அவர் உட்காராமல் நேராக நாலாம் திருப்பத்துக்கு நடந்தார். நடக்கும் ஆள் தரையில் கிடந்தான். பக்கத்தில் ஹாரன் தன் வண்டியோடு நின்றார். வண்டியின் முன்னால் நீண்ட இரும்புக் கரங்களில் வாஷிங் மெஷின் பெட்டிகள் இரண்டடுக்கு.

"அன்னிக்கும் இதே மாதிரிதான் சுமையா?"

"ஆமாக்கா" என்றார் ஹாரன். தலையைத் தூக்கவில்லை.

அந்த அம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு வண்டியின் படியில் கால் வைத்தார்.

"அம்மா, லைசென்ஸ் இல்லாதவங்க அதுல ஏறக்கூடாது" என்று மேனேஜர் பதறினார். அங்கே பலகையும் இருந்தது; மஞ்சக்கை எழுதிய பலகை.

"அதுக்கு அடியில போய்ச் சாக மட்டும் லைசென்ஸ் வேணாமாக்கும்?"

மேனேஜர் விலகிக்கொண்டார். அந்த அம்மாள் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். முன்னால் பார்த்தார். இப்படிச் சாய்ந்து பார்த்தார், அப்படிச் சாய்ந்து பார்த்தார்.

"தரை எங்க இருக்கு?"

மேனேஜர் பெட்டிகளுக்குக் கீழே கையை நீட்டிக் காட்டினார்.

"எனக்குப் பெட்டிதான் தெரியுது. மேல அந்தச் சுவர் தெரியுது. தரையே தெரியலியே. உங்களுக்கும் அன்னிக்கி இதான் தெரிஞ்சுதா?"

"ஆமாக்கா" என்றார் ஹாரன். "சுமை ஒசரமா இருந்தா ரிவர்ஸ்லதான் வரணும், அதான் சட்டம். அன்னிக்கி லாரி காத்துக்கிட்டு இருந்துச்சு. அவசரத்துல எல்லாரும் முன்னாடி பாத்துதான் வருவோம்."

"விசாரணையில இதச் சொன்னீங்களா?"

"கோடு இருந்துதான்னு மட்டும்தான் கேட்டாங்க. இல்லன்னேன். அதுக்கு மேல கேக்கல. வேலை போயிடும்னு நானும் சொல்லல." அப்போதுதான் தலையைத் தூக்கினார். "கோடு நல்லா இருந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காதுக்கா."

அந்த அம்மாள் இறங்கினார். மஞ்சக்கை ஏறி உட்கார்ந்தார். இருபத்தேழு ஆண்டுகளில் அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. தான் எழுதிய பலகையை அதுவரை அவர் மீறியதில்லை. அவர் கோடுகளைப் பார்த்ததெல்லாம் நின்றபடியும் குனிந்தபடியும்தான். இப்போது எதிரே அட்டைப்பெட்டி. அதில் கொட்டை எழுத்தில் 'இந்தப் பக்கம் மேலே'. அதற்கும் மேலே வெள்ளைச் சுவர். அவருடைய மஞ்சள் ஒரு விரற்கடை அளவுகூடத் தெரியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவராகவே இறங்கி, ஏணி வைத்து, விளக்கை ரேக் கம்பியிலேயே திருகிச் சுவர்ப் பக்கம் நிமிர்த்தினார். நடக்கும் ஆள் தரையை விட்டு எழுந்து, சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலே போய் நின்றான். ஹாரன் இருக்கையில் ஏறிப் பார்த்துவிட்டு, "தெரியுதுண்ணே" என்றார். "சுமைக்கு மேல நல்லாவே தெரியுது."

"அந்த இன்னொரு கண்ணாடி எங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

அது மஞ்சக்கையின் சட்டைப் பையில், காகிதத்தில் மடித்து இருந்தது.

"போடுங்க."

"வேணாம்மா."

"ஒரு தடவ. இங்க."

வில்லையை மாற்றினார். சுவரில் முகம் வந்தது. லென்ஸைத் திருகத் திருகக் கண்ணும் மூக்கும் தெளிந்தன. சுமை தூக்குபவர்கள் வேலையை விட்டு வந்து பின்னால் நின்றார்கள். அந்த அம்மாள் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அவர் நிழல் படத்தின் ஓரத்தில் விழவே ஓர் அடி பின்வாங்கினார்.

"ஒரு காது வெட்டுப்பட்டிருக்கு" என்றார்.

"அட்டையிலயே அப்படித்தாம்மா இருந்துச்சு."

"ம்." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "அணைச்சிடுங்க."

யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய்விட்டார். சம்மதமா இல்லையா என்று கேட்கும் துணிவு மேனேஜருக்கும் வரவில்லை. திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன்கிழமை மேனேஜர் மஞ்சக்கையைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை காலையில நீங்களே கழட்டிடுங்க. வேற ஆள விட்டுக் கழட்ட எனக்கு மனசு வரல" என்றார். மஞ்சக்கை சரி சார் என்றார். வியாழக்கிழமை தபால்காரர் வந்தார். அவர் கொண்டு வந்தது மின்கட்டணச் சீட்டு மட்டும்தான்.

விளக்கு கழற்றப்படவில்லை. சனிக்கிழமை காலை அதைச் சுவரைப் பார்க்க நிலையாக முடுக்கிவிட்டு, சாயந்தரம் ஐந்தரைக்கு மஞ்சக்கை கிடங்கை விட்டு வெளியே வந்தார். மேனேஜரின் கையெழுத்தோடு நான்கு வரி உத்தரவு ஒன்று திருப்பத்தில் ஒட்டப்பட்டிருந்தது. காரணம் முந்தின நாள் பதிவுத் தபாலில் வந்த கடிதம். கோடு போட்ட காகிதம், ஒரு பக்கம், நீல மை. அதில் இருந்தது இது:

"மேனேஜர் ஐயாவுக்கும் கோடு போடும் ஐயாவுக்கும். விளக்கு இருக்கலாம். சுவரில் மட்டும். தரையில் வேண்டாம். என் வீட்டுக்காரர் படம் வேண்டாம், யாருடைய முகமும் வேண்டாம். ஓட்டுபவரின் கண்ணை மறைக்கிற சுமை அந்தத் திருப்பத்தில் முன்பக்கமாக வரக்கூடாது, லாரி எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சரி என்று மேனேஜர் எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டினால் இது என் சம்மதக் கடிதம். ஒட்டாவிட்டால் இது சம்மதம் இல்லை. வண்டி ஓட்டியவர் என் முன்னால் உண்மையைச் சொன்னார். அதற்காக அவர் வேலையில் கை வைக்கக்கூடாது. கோடு போடும் ஐயா, உங்களால்தான் என்று என் வீட்டில் நின்று சொன்னீர்கள். நீங்களும் அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தீர்கள். இனிமேல் அப்படிச் சொல்ல வேண்டாம். என் மகளுக்கும் சொல்லிவிட்டேன். முகம் உள்ள கண்ணாடியை எனக்கு அனுப்பிவிடுங்கள்."

பதிவுத் தபாலைக் கையொப்பமிட்டு வாங்கியது: 2019 ஜூன் 28, வெள்ளிக்கிழமை, காலை 11.20.